இரண்டு முறை தட்டினேன்

அக்கா எந்த விளக்கைப் போட்டாலும் சுவிட்சிலிருந்து உடனே விரலை எடுக்கமாட்டாள். விளக்கு எரிந்துவிடும், அவள் விரல் மட்டும் அங்கேயே இருக்கும். ஒரு மூச்சு விடும் நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பிறகுதான் கையை இறக்குவாள். குளியலறை விளக்கு, கடை விளக்கு, அடுத்தவர் வீட்டு விளக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சிறுவயதிலிருந்தே பார்த்துவருகிறேன். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "எரியறது வேற, எரிஞ்சுக்கிட்டே இருக்கறது வேறடி" என்றாள்.

அவள் வாகனங்களுக்கு வயரிங் செய்பவள். இந்தத் தெருவில் எல்லாருக்கும் வயரக்கா. டயர்கடைக்காரர் அவளைவிட பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தொழிலை அவள் எந்தப் பட்டறையிலும் படிக்கவில்லை. கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் பதினொரு வருடம் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்லவேண்டும், அங்கே உட்கார நாற்காலி கிடையாது. கதவளவு பலகை, அதில் முளைகள், முளைக்கு முளை கோடு. கோட்டின் மேல் வயரைப் போட்டு, சேர்த்து, டேப் சுற்றி, பலகையை அடுத்தவளிடம் தள்ளவேண்டும். வரிசை முழுக்கப் பெண்கள். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது இவள் போகவில்லை. அவள் கணவர், என் மாமா, அப்போதே கப்பலில் சமையல் வேலைக்குப் போய்விட்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்து இரண்டு மாதம் தூங்குவார். அக்கா டயர்கடையை ஒட்டிய தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஒரு மேசை, ஒரு மீட்டர், ஒரு சோதனை விளக்கு என்று உட்கார்ந்துவிட்டாள். நகத்தால் கீறியே வயரின் தடிமனைச் சொல்வாள். பின்னால் ட்ரெய்லர் இழுக்கும் வண்டி என்றால் அவளிடம்தான் வரும், ஏனென்றால் ட்ரெய்லர் வயரிங்கில் பொறுமை வேண்டும். மற்றவர்கள் எரிந்தால் போதும் என்று அனுப்பிவிடுவார்கள்.

நான் அவள் கூடவே இருக்கிறேன். பள்ளியை எட்டாவதோடு விட்டேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரியும், வாய் வராது. அது நீண்டுகொண்டே போய், ஒரு நாள் போகாமல் இருந்தேன், மறுநாளும் போகவில்லை. கடையில் எனக்கு வயர் உரிப்பது, டேப் சுற்றுவது, நட்டுகளை டப்பாவில் பிரித்துப் போடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிக்குப் பின்னால் நிற்பது வேலை.

பின்னால் நிற்பதை விளக்கிச் சொல்லவேண்டும். அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து இடது இண்டிகேட்டரைப் போடுவாள். ட்ரெய்லரின் பின்னால் நிற்கும் ஆள் அது எரிகிறதா என்று சொல்லவேண்டும். பிறகு வலது, பிறகு பிரேக், பிறகு பார்க்கிங் விளக்கு. குழந்தையும் செய்யும் வேலை. ஆனால் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும். பக்கத்தில் டயர்கடை, அங்கே எப்போதும் நான்கு பேர் நிற்பார்கள். முதல் வாரம் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அக்கா கார் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "நீ எங்கிட்ட சொல்றியா, பம்பர்கிட்ட சொல்றியா?" என்றாள். டயர்கடையில் சிரித்தார்கள். மறுநாள் நான் கடைக்கு வரவில்லை.

அதற்கு மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "சரி, வாயத் திறக்கவேணாம். ட்ரெய்லர் பலகையில தட்டு. எரிஞ்சா ஒரு தட்டு, எரியலன்னா ரெண்டு. எனக்கு உள்ள கேக்கும்."

எட்டு வருடம் அப்படித்தான் ஓடியது. டக் என்றால் சரி. டக் டக் என்றால் கோளாறு. புதிதாக வருபவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "யாரோ கதவத் தட்டறாங்க, தொறங்கப்பா" என்பார் டயர்கடைக்காரர். வாடிக்கையாளர்களிடம் அக்கா சொல்வாள்: "என் தங்கச்சியும் வயர் மாதிரிதான். உள்ள கரண்ட் ஓடுதா இல்லையான்னு வெளிய தெரியாது." நானும் சிரிப்பேன். என் வெட்கத்துக்கு ஒருத்தி ஒரு முறையையே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாள், அதைவிட என்ன வேண்டும்?

நாற்காலிக்காரர் வந்தது ஒரு வியாழக்கிழமை. கூட்டங்களுக்கு மடக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவர். பழைய வேனை விற்றுவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கி, கொக்கி போட்டு, பின்னால் ட்ரெய்லரை மாட்டியிருந்தார். கார் சத்தமில்லாமல் வந்து நின்றதில் டயர்கடை நாய்கூட எழுந்திருக்கவில்லை.

"திரையில ஒரு செய்தி வருதும்மா. ட்ரெய்லர் விளக்கப் பாருன்னு. வருது, போயிடுது. திரும்ப வருது. என் சம்சாரம் மாதிரி."

"சம்சாரம் சொன்னா கேட்டிருப்பீங்க. கார் சொன்னா எங்கிட்ட வர்றீங்க" என்றாள் அக்கா.

அதுவரை அவள் மூன்றே எலக்ட்ரிக் கார்களைத் தொட்டிருந்தாள். பழைய கார்களில் பின்விளக்கின் வயரைச் சுரண்டி, அதிலிருந்தே ட்ரெய்லருக்கு ஒரு கிளை இழுத்துவிடலாம். இந்தக் காரில் அது நடக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று கார் கணக்கு வைத்திருக்கும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திரையில் புகார் சொல்லும். அதனால் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அது காரின் விளக்கு வயரிலிருந்து செய்தியை மட்டும் வாங்கிக்கொண்டு, மின்சாரத்தைத் தனி ஃபியூஸ் வழியாகச் சின்ன பேட்டரியிலிருந்து எடுத்து ட்ரெய்லருக்கு அனுப்பும். அடியில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் போகும். அவை காரையே ஓட்டும் பெரிய பேட்டரியுடையவை. அக்கா முதல் காரில் வேலை பார்த்த அன்றே அவற்றைக் காட்டி, "இது பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது" என்று என்னை எச்சரித்திருந்தாள்.

அன்று காலை முழுக்க அவள் காரோடுதான் இருந்தாள். ஃபியூஸைப் பார்த்தாள். பெட்டிக்கு வரும் மின்சாரத்தை அளந்தாள். கதவைப் பூட்டிச் சும்மா விட்டால் கார் தூங்கிவிடும், தூங்கும்போது அளந்தால் தப்பாகக் காட்டும் என்பதால் என்னைக் கதவருகே நிறுத்தி அவ்வப்போது திறக்கச் சொன்னாள். கடைசியில் கொக்கிக்குப் பக்கத்து சாக்கெட்டின் ஒரு ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தாள். "மாட்டிக்கிட்டியா!" என்று அதைத் தேய்த்து வெள்ளையாக்கினாள். சாக்கெட்டின் ஒவ்வொரு ஊசியிலும் சோதனை விளக்கை வைத்துப் பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று எரிந்தன. கார்ப் பக்கம் முடிந்தது.

மிச்சம் ட்ரெய்லர் பக்கம். அந்தப் பக்கத்துக்கு மீட்டர் வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ட்ரெய்லரில் என்ன இருக்கிறது, நான்கு பல்பும் நான்கு வயரும்தானே. பிளக்கை மாட்டிவிட்டு எரிகிறதா என்று பார்த்தால் போதும். அந்தப் பக்கத்துக்கு மீட்டர் நான்தான்.

பின்னால் போய் நின்றேன். அக்கா இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

எரிந்தது. ஆனால் மங்கலாக எரிந்தது, அணையப்போகும் கரி மாதிரி. அது துடிக்கும்போது பக்கத்து பிரேக் விளக்கும் கூடவே லேசாகத் துடித்தது. இது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. கையை ஓங்கி, டக் டக் என்று இரண்டு முறை தட்டினேன்.

இரண்டாவது தட்டு விழுந்த அதே நொடியில் விளக்கு பளீரென்று எரிந்தது. பிரேக் விளக்கின் துடிப்பு நின்றது. எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

நான் விழித்தேன். வெயில் கண்ணில் பட்டதோ? ஒரு முறை தட்டினேன்.

கண்ணாடி வழியாகத் தலை வந்தது. "என்னடி, ரெண்டு தட்டிட்டு ஒண்ணு தட்டுற?"

நாற்காலிக்காரர் என்னைப் பார்த்தார். டயர்கடையில் லீவரைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் பார்த்தார். முதலில் மங்கலாக இருந்தது, தட்டியதும் சரியானது. அவ்வளவுதான் சொல்லவேண்டும். வாயில் அந்த வாக்கியம் இருந்தது. சொன்னால் இன்னும் நான்கு கேள்வி வரும், நான்குக்கும் எல்லார் முன்னாலும் பதில் சொல்லவேண்டும்.

"ஒண்ணுமில்லக்கா. சரியாத்தான் இருக்கு" என்றேன்.

வலது, பிரேக், பார்க்கிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. எல்லாம் பளிச். நாற்காலிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். கார் சத்தமில்லாமல் வந்ததுபோலவே சத்தமில்லாமல் போயிற்று.

பதினொரு நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. அக்கா காதில் வைத்தபடி எழுந்து நின்றாள். "எப்போ? ... யாருக்கு? ... எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுக்கொண்டே மேசையில் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினாள்.

நடந்தது இதுதான். நாற்காலிக்காரர் ஒரு திருப்பத்தில் பிரேக் போட்டிருக்கிறார். ட்ரெய்லரில் பிரேக் விளக்கு எரியவில்லை. காரின் சொந்த விளக்குகளை ட்ரெய்லர் மறைத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் வண்டி நிற்கிறது என்று தெரியாமல் நேராகப் பலகையில் மோதினார். அடுத்த தெருவில் சலூன் வைத்திருப்பவர். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கண்ணில் வெயில் படவில்லை. அன்று அந்த இடத்தில் வெயிலே இல்லை, தகரக் கூரையின் நிழலில்தான் நின்றிருந்தேன்.

அன்று மாலையே அக்கா சலூன்காரர் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். சின்ன வீடு, முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, சுவரில் பெரிய கண்ணாடி. பழைய சலூன் கண்ணாடியாக இருக்கவேண்டும், ஓரத்தில் ரசம் போயிருந்தது. அவர் முழங்கைவரை மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கதவோரம் நின்றாள்.

"அந்த ட்ரெய்லர் வயரிங்க பார்த்து அனுப்பினது நான்தான்" என்றாள் அக்கா. "எங்கயோ விட்டுட்டேன். எங்கன்னு எனக்கே தெரியல. ஆனா என் கை வேலைதான்." கைகூப்பினாள். என் அக்கா ஒருவர் முன்னால் கைகூப்பி நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர் சங்கடப்பட்டு நெளிந்தார். "அய்யோ, விடுங்கம்மா. நானும் கொஞ்சம் ஒட்டித்தான் போனேன். எல்லாம் சரியாயிடும். இப்போதைக்கு இடது கையால ஷேவிங் பழகிக்கிட்டிருக்கேன். கழுத்த நீட்ட ஆள்தான் கிடைக்கல." சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏம்மா நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஜோடி. ஒன்று குழந்தையுடையது, வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது.

மறுநாள் அக்கா ஒரு அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் "எலக்ட்ரிக் வண்டிகள் எடுப்பதில்லை" என்று எழுதிக் கொட்டகை வாசலில் கட்டினாள்.

"என்னக்கா, வர்ற காலமே அதுங்க காலம். நீங்க கதவச் சாத்துறீங்க?" என்றார் டயர்கடைக்காரர்.

"புரியாத வண்டியில கை வெச்சு ஒருத்தர் கைய உடைச்சாச்சு. இன்னொருத்தர் காலையும் உடைக்கணுமா?"

அவள் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். கோளாறு காருக்குள் இருக்கிறது, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளோ அதற்கும் உள்ளே இருக்கும் வேறு எதிலோ இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளும் மூளை தனக்கு இல்லை என்று. தெரியாத விஷயத்தில் தோற்றால் அவள் சண்டை போடுவாள், பழக்கம்தான். இந்த முறை சண்டை போடவில்லை. பழைய கம்பெனித் தோழி ஒருத்தி புதிதாகத் திறந்த வயர்க்கட்டு ஆலைக்கு மேற்பார்வைக்கு வரச்சொல்லி இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை "போடி" என்று சொல்லிவந்த அக்கா, புதன்கிழமை அவளிடம், "திங்கட்கிழமை பதில் சொல்றேன்" என்றாள்.

"போயிடுவியாக்கா?" என்றேன்.

"அங்க எல்லாம் பலகையில வரைஞ்சிருக்கும். அது மேல வயரப் போட்டாப் போதும். நம்ம யோசிக்கவேணாம், யாருக்கும் அடிபடாது." பிறகு, "உனக்கும் நல்லதுதான். வீட்டுலயே இருக்கலாம். யாரும் பார்க்கமாட்டாங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அந்த வாரம் அவளுடைய சுவிட்ச் பழக்கம் மாறிவிட்டது. விளக்கைப் போடுவாள், பார்ப்பாள், அணைப்பாள், மறுபடி போடுவாள். சில சமயம் மூன்று முறை. "ம்" என்பது வரவே இல்லை.

நான் அந்த வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பாத்திரம் விளக்கும்போது, துணி உலர்த்தும்போது. அக்கா, அன்னைக்கு முதல்ல மங்கலா இருந்துச்சு. தண்ணீர்க் குழாயிடம் நன்றாக வரும். அவள் சமையலறைக்குள் வந்தால் நின்றுவிடும். சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே அவள் கண்டுபிடித்திருப்பாள். செவ்வாய் போயிற்று. புதன், வியாழன், வெள்ளி.

சனிக்கிழமை நாற்காலிக்காரர் வந்தார். அக்காதான் வரச்சொல்லியிருந்தாள். "கம்பெனி பட்டறைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ பார்த்துடறேன். நான் என்ன விட்டேன்னு எனக்குத் தெரியணும்." ட்ரெய்லரின் பின்பலகையில் ஸ்கூட்டர் மோதிய பள்ளம் இருந்தது. விளக்குகளில் கீறல்கூட இல்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த நீலச் சட்டம் பளபளவென்று இருந்தது.

மறுபடி காரிலிருந்துதான் ஆரம்பித்தாள். ஃபியூஸ், பெட்டி, சாக்கெட். எல்லாம் சரி. சரி என்று வர வர அவள் முகம் இன்னும் சுருங்கியது. கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே, "பின்னால போ" என்றாள்.

போய் நின்றேன். இடது இண்டிகேட்டர்.

மங்கலாக எரிந்தது. கரி மாதிரி. பிரேக் விளக்கும் கூடவே துடித்தது. என் கை தானாகவே மேலே போய்விட்டது, எட்டு வருடப் பழக்கம். பலகையைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது நிறுத்தினேன்.

தட்டினால் சரியாகிவிடும். அக்கா இறங்கிவந்து பார்க்கும்போது பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். என் கையால்தான் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்கிறது.

"தட்டுடி" என்று குரல் வந்தது.

நான் தட்டவில்லை.

"என்ன, தூங்கிட்டியா? எரியுதா இல்லையா?"

"எரியலக்கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. நாற்காலிக்காரர் ஓரடி முன்னால் வந்து, "ஏதோ சொல்றாங்க போல" என்றார். டயர்கடையில் நான்கு பேரும் திரும்பிவிட்டார்கள்.

"எரியல!" என்று கத்தினேன். தகரக் கூரையில் பட்டு எதிரொலித்தது. "மங்கலா எரியுது! இறங்கி வாக்கா! நான் தட்டமாட்டேன்!"

டயர்கடையில் ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னால் வந்து விளக்கைப் பார்த்தாள். என் தூக்கிய கையைப் பார்த்தாள்.

"இப்ப பாரு" என்று சொல்லிவிட்டுத் தட்டினேன். விளக்கு பளீரென்று வந்தது.

அவள் ட்ரெய்லருக்கு அடியில் படுத்து, ஏதோ ஒரு வயரை விரலால் அசைத்தாள். விளக்கு மங்கியது. அசைத்தாள், எரிந்தது. அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"எர்த்து" என்றாள். "வெறும் எர்த்து."

மின்சாரம் விளக்குக்குப் போக ஒரு வயர் இருந்தால் போதாது, திரும்பிப்போக ஒரு வழியும் வேண்டும். அந்த வழியைத்தான் எர்த் என்போம். ட்ரெய்லரில் அது வெள்ளை வயர், ஒரு போல்ட்டால் இரும்புச் சட்டத்தோடு முறுக்கியிருக்கும். அந்த வழி அடைத்துக்கொண்டால் மின்சாரம் மற்ற விளக்குகள் வழியாகச் சந்து தேடும், எல்லாம் சேர்ந்து மங்கும். வயரிங் கற்றுக்கொள்பவர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது இது. எலக்ட்ரிக் காருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாட்டுவண்டியில் விளக்கு மாட்டினாலும் இதே கோளாறு வரும்.

அக்கா போல்ட்டைக் கழற்றினாள். வெள்ளை வயரின் வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் தடிமனாக நீலப் பெயின்ட் இருந்தது.

நாற்காலிக்காரர் குனிந்து பார்த்தார். "அது நான்தாம்மா அடிச்சேன். புதுக் காருக்குப் பழைய ட்ரெய்லர் நல்லா இல்லன்னு... துரு பிடிக்கக்கூடாதுன்னு போல்ட்டக்கூட கழட்டி, அடியிலயும் அடிச்சு, திரும்ப மாட்டினேன். பொறுப்பாத்தான் செஞ்சேன்." அவர் குரல் இறங்கியது. "அப்ப தப்பு என்னோடதா?"

"பெயின்ட் உங்களோடது" என்றாள் அக்கா. "பார்க்காம அனுப்பினது எங்களோடது."

எங்களோடது என்றாள். என்னோடது என்று சொல்லவில்லை. அவள் அடியில் படுத்திருந்ததால் முகம் தெரியவில்லை.

சட்டத்தைப் பளபளக்கும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினாள். பிறகு விளக்கைப் போட்டுவைத்து, ட்ரெய்லரைச் சுற்றிவந்து முஷ்டியால் குத்தினாள், காலால் உதைத்தாள். விளக்கு மங்கவில்லை. அவர் போனதும் கொட்டகைக்குள் வந்து துணியால் கையைத் துடைத்தாள்.

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். முதல் நாள் இரண்டு தட்டு ஏன், பிறகு ஒரு தட்டு ஏன் என்று.

"அப்ப அன்னைக்கே தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"போன் வந்தப்ப?"

"தெரியும்."

"அட்டை எழுதிக் கட்டினேனே, அப்ப?"

"தெரியும்."

கை எப்போதோ சுத்தமாகிவிட்டது, அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் அந்த ஆள் முன்னாடி கைகூப்பிக்கிட்டு நின்னேன். நீ செருப்ப எண்ணிக்கிட்டிருந்த."

அவள் அதைப் பார்த்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. எதையும் கவனிப்பவள் நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

துணியை மேசையில் போட்டாள். "நானும் கேட்டுட்டு விட்டுட்டேன். ரெண்டு தட்டிட்டு ஒண்ணு தட்டுறியேன்னு கேட்டேன்ல? இறங்கி வந்து ஒரு பார்வ பார்த்திருக்கலாம். வரல. அந்த அளவு என்னோடது. மிச்சம் உன்னோடது. இனிமே தட்டறது கிடையாது. வாயால சொல்லணும்."

"சொல்றேன்."

"அந்த சலூன்காரர்கிட்டயும்."

நான் தலையாட்டினேன்.

"தலைய ஆட்டினா எனக்குக் கேக்காது."

"சொல்றேன்க்கா."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அட்டையை அன்றே கழற்றிவிட்டோம். அக்கா ஆலைக்குப் போகவில்லை. எலக்ட்ரிக் கார்கள் வருகின்றன, போன வாரம் மட்டும் இரண்டு. எந்த ட்ரெய்லர் வந்தாலும் முதலில் வெள்ளை வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கிறாள். நான் பின்னால் நின்று இடது, வலது, பிரேக் என்று வாயால் சொல்கிறேன். சத்தம் போதவில்லை என்று இன்னும் திட்டு விழுகிறது. வீட்டில் விளக்கை ஒரு முறைதான் போடுகிறாள், "ம்" என்கிறாள்.

சலூன் திறந்துவிட்டது. அவருடைய மணிக்கட்டு முக்கால்வாசிதான் திரும்புகிறது. ஷேவிங் செய்கிறார், கத்தரி பிடிக்க ஒரு ஆளை வைத்திருக்கிறார். நான் நான்கு முறை அந்தத் தெருவுக்குப் போனேன். ஒருமுறை வாசல்வரை போனேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, அக்கா நல்லா இருக்காங்களா?" என்றார். நல்லா இருக்காங்க என்றேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.